எந்தப் பக்கப் புருவம்

கடைசி வருடத்துக்கு ஆளுக்கொரு பொருள் எடுத்துக்கொண்டு பன்னிரண்டு பிரிண்ட் போட வேண்டும் என்று ஓவியக் கல்லூரியில் சொன்னார்கள். ஆளாளுக்குப் பெரிய விஷயமாக எடுத்தார்கள். ஒருத்தன் பிரபஞ்சம் என்று எழுதிக் கொடுத்தான். நான் வீட்டு ஆட்கள், கூட்டாளிகள் என்று எழுதிக் கொடுத்தேன். சோம்பேறித்தனம்தான் காரணம். உட்கார வைத்து வரைய யாரையும் தேடிப் போக வேண்டாம், எல்லாம் தெரிந்த முகம், விடுமுறையில் வீட்டிலிருந்தபடியே முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். என் கணக்கு என்றைக்குச் சரியாக வந்திருக்கிறது.

நான் செய்வது லினோ பிரிண்ட். லினோ என்றால் தரையில் விரிக்கிற ரப்பர் பாய் மாதிரி ஒரு ஷீட். அதில் கூர்மையான கட்டரால் வெட்டி எடுத்த இடமெல்லாம் வெள்ளையாக வரும். வெட்டாமல் விட்ட இடத்தில் மை ஒட்டும். மேலே தாளை வைத்து அழுத்தி எடுத்தால் முகம் வந்துவிடும். கல்லூரியில் அழுத்துவதற்கு மெஷின் இருக்கிறது. ஆலங்குடி பக்கத்தில் எங்கள் ஊரில் எவர்சில்வர் கரண்டிதான் மெஷின். கரண்டி முதுகால் தேய்த்துத் தேய்த்து என் கட்டைவிரல் வீங்கிவிட்டது. அம்மா குழம்பில் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அந்தக் கரண்டியை மோந்து பார்த்தாள். வெயிலில் வைத்தால் ஷீட் இளகி வெட்டுவதற்கு வாகாக இருக்கும். அதனால் வாசலில் கடலை காய்கிற சாக்குக்குப் பக்கத்திலேயே என் ஷீட்டுகளும் காய்ந்தன. கோழி மிதித்ததில் ஒன்று வீணானது.

இந்த வேலையில் இரண்டு விஷயம் முக்கியம். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. வெட்டியது தாளில் இடவலம் மாறி விழும். வலது கன்னத்து மச்சம் இடது கன்னத்துக்குப் போய்விடும். அதனால் படத்தை முதலிலேயே திருப்பிப் போட்டுக்கொண்டு வெட்ட வேண்டும். முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம். எனக்குத்தான் தெரியுமே என்ற திமிரில் முதல் பிரிண்டிலேயே கோட்டை விட்டேன்.

முதல் பிரிண்ட் என் சிநேகிதி. மீமிசல்காரி, விடுதியில் என் அறையிலேயே இருந்தவள். லீவு விடுவதற்கு முன்னால் விடுதியிலேயே அவளை எதிரில் உட்கார வைத்து நேராக ஷீட்டிலேயே வரைந்து, வந்த வேகத்தில் வெட்டிவிட்டேன். தாளை உரித்ததும் அவள் பார்த்துவிட்டு, "அச்சு அசல் நான்தான்டி" என்றாள். மற்றவர்கள் எல்லோரும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். நல்லாத்தான் இருக்கு, ஆனா ஏதோ மாதிரி இருக்கு என்றார்கள். அவள் போனில் அவளுடைய அம்மாவுக்கு அனுப்பினாள். "எங்க புள்ள மாதிரி இருக்கு, எங்க புள்ள இல்லையே" என்று பதில் வந்தது. எனக்குச் சுள்ளென்று வந்தது. மீன் கொழம்பு கொதிக்கும்போது நடுவில் பார்த்திருப்பார்கள், அவர்களுக்கு என்ன தெரியும் என்று முணுமுணுத்தேன். அப்புறம் அவளே கண்டுபிடித்தாள். அவளுக்கு வலது மூக்கில் மூக்குத்தி. படத்தில் அது இடது பக்கம் இருந்தது. அவள் தன் முகத்தைக் கண்ணாடியில் மட்டுமே பார்த்திருக்கிறாள், அதனால் அவளுக்கு அது சரியாகப் பட்டது. மற்ற எல்லோருக்கும் முகமே கோணலாகத் தெரிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு எனக்கு இடது வலது என்றாலே குழப்பமாகிவிட்டது. பஸ்ஸில் எதிரில் இருப்பவரின் வகிடு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே வந்து நிறுத்தத்தைத் தவறவிட்டேன். சாப்பிடுகிற கையை ஒரு தடவை ஆட்டிப் பார்த்த பிறகுதான் வலது எது என்று நிச்சயமாகும். இதை யாரிடமும் சொல்லவில்லை. இருபத்தோரு வயதில் சொல்லிக்கொள்கிற விஷயமா அது.

அடுத்து சித்தப்பாவைப் போட்டேன். ஆலங்குடியில் போட்டோ எடுத்து பேனர் அடிக்கிற கடை வைத்திருக்கிறார், எங்களுக்கு அடுத்த வீடு. கறுப்பு மையில் தன் முகத்தைப் பார்த்ததும் ஒரு எட்டு பின்னால் போனார்.

"என்னாத்தா, என்னைய முடிச்சுட்டியா? இதுக்குக் கீழ கண்ணீர் அஞ்சலின்னு ஒரு வரி போட்டா சுவத்துல ஒட்டிரலாம்."

அவர் விளையாட்டாகச் சொன்னார். அவருக்குத் தொழிலே அதுதான். அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. அன்றைக்கே என்னைக் கூப்பிட்டு, "ஒங்கப்பாவுக்குக் கறுப்பு வேணாம். என்ன கலருன்னாலும் போடு, கறுப்பு வேணாம்" என்றாள். கலை, அது இது என்று நான் ஏதோ எடுத்துச் சொல்லப் போனேன். அவள் கேட்கிற மாதிரி இல்லை. அடர்நீலத்தில் போடுவதாக ஒத்துக்கொண்டேன்.

அப்பா சவுதியில் பைப் வேலை பார்க்கிறார். நான் நாலாவது படிக்கும்போது போனது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு மாதம் வருவார். இந்தத் தடவை லீவு தள்ளித் தள்ளிப் போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. என் பிரிண்டுகளைக் கல்லூரியில் வைத்து வாய்மொழித் தேர்வு முடிந்த மறு வாரம் அவர் வருவதாக இருந்தது. உண்மையைச் சொன்னால், சின்ன வயதில் அவர் வரும்போதெல்லாம் அவர் முகத்தைவிட அவர் கொண்டுவருகிற பெட்டியைத்தான் நான் அதிகம் பார்த்திருப்பேன். அந்தச் சோப்பு வாசனை இன்னும் மூக்கில் நிற்கிறது. முகம் கேட்டால் முழிக்கிறேன்.

முகத்துக்கு வெள்ளிக்கிழமைப் படங்கள் இருந்தன. வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. குளித்துவிட்டு, வெயிலுக்குப் போடுகிற தொப்பியை வைத்துக்கொண்டு, தங்குகிற கேம்ப் வாசலில் நின்று ஒரு செல்ஃபி எடுத்து அனுப்புவார். சிரிக்க மாட்டார். பாஸ்போர்ட் ஆபீஸுக்கு அனுப்புகிற மாதிரி விறைப்பாக நிற்பார். அதில் ஒன்றை வெட்டுவதற்கு எடுத்துக்கொண்டேன். தொப்பி கொஞ்சம் மேலே ஏறி, புருவத்தைக் குறுக்கே வெட்டுகிற அந்தத் தழும்பு பளிச்சென்று தெரிந்த படம் அது.

தழும்புக்குக் காரணம் அம்மா. கல்யாணமாகி நாற்பது நாளில் கொல்லையில் தொரட்டி வைத்து முருங்கைக்காய் பறித்திருக்கிறாள். கீழே நின்று காயைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அப்பா. தொரட்டி நழுவிப் புருவத்தில் இறங்கிவிட்டது. ஆலங்குடி ஆஸ்பத்திரியில் மூன்று தையல். அந்த இடத்தில் முடி முளைக்காமல் ஒரு கோடு நின்றுவிட்டது. வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் அப்பா விரலால் அந்தக் கோட்டைத் தடவிக் காட்டுவார், அம்மா சிரித்துவிடுவாள், சண்டை முடிந்துவிடும் என்று சித்தப்பா சொல்வார். லினோவில் வெட்டுவதற்கு இதைவிடச் சுலபமானது கிடையாது. புருவத்தை வெட்டாமல் விட்டு, குறுக்கே ஒரே ஒரு கீறல். ஆனால் அந்த ஒரு கீறலைத் தப்பான பக்கம் போட்டால் மூக்குத்திக் கதைதான். அதனால் அம்மாவிடம் கேட்டேன்.

"அம்மா, அப்பாவுக்குத் தழும்பு எந்தப் பக்கம்?"

கடலை உரித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலேயே, "சோத்துக்கைப் பக்கம்" என்றாள்.

செல்ஃபியை எடுத்துப் பார்த்தேன். எதிரில் நிற்கிற ஆளாக நினைத்துப் பார்த்தால் வலது புருவம்தான். சரி, முடிந்தது என்று டிரேசிங் பேப்பரை எடுத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை வீடியோ காலில் அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அப்பாவின் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டோவில் ஒரு பக்கம் இருந்த வெட்டு, கூப்பிட்டுப் பேசும்போது மறுபக்கம் இருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். மறுபக்கம்தான்.

"என்ன பாப்பா, அப்படி முழிச்சு முழிச்சுப் பாக்குற?" என்று கேட்டுக்கொண்டே அப்பா தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஒன்னுமில்லப்பா, சும்மாதான்."

சிநேகிதிக்குப் போன் போட்டேன். மூக்குத்தியில் அடிபட்டவள் அல்லவா, அவளுக்கு இதெல்லாம் அத்துப்படி. சில போனில் செல்ஃபி கண்ணாடியில் தெரிகிற மாதிரியே திரும்பிப் பதிவாகும் என்றாள். "பின்னாடி ஏதாவது எழுத்து இருக்கா பாரு. எழுத்து திரும்பியிருந்தா மொகமும் திரும்பியிருக்கு, அவ்வளவுதான்."

எழுத்து இருந்தது. கேம்ப் வாசலில் பெரிய போர்டே இருந்தது. அரபியில். அரை மணி நேரம் அந்தப் போர்டைப் பார்த்தேன். படத்தைத் திருப்பிப் பார்த்தேன், மறுபடியும் திருப்பினேன். எப்படிப் பார்த்தாலும் எனக்குச் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் அவளுக்கே அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் கூப்பிட்டாள்.

"திரும்பித்தான்டி இருக்கு. எழுத்தெல்லாம் எடவலம் மாறிக் கெடக்கு."

"என்ன எழுதியிருக்கு?"

"சின்னதுல மதரஸாவுக்கு ஓதப் போனது, அரபி எழுத்து கூட்டிப் படிச்சுருவேன். அர்த்தமெல்லாம் கேக்காத."

ஆக, படம் திரும்பியிருக்கிறது. திரும்பிய படத்தில் வலது பக்கம் தெரிந்தால் ஆளுக்கு இடது பக்கம். வீடியோவில் பார்த்ததும் அதற்கு ஒத்துப்போனது. அப்பாவுக்குத் தழும்பு இடது புருவத்தில். அம்மா சொன்னது தப்பு.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பேசாமல் இடது பக்கம் வெட்டிக்கொண்டு போயிருக்கலாம். எனக்கு ஒன்று தெரிந்துவிட்டால் அதை எதிராளியின் மூக்குக்கு நேரே நீட்டியாக வேண்டும், அது ஒரு வியாதி. நேராக அடுப்படிக்குப் போனேன்.

"அம்மா, நீ சொன்னது தப்பு. அப்பாவுக்குப் பீச்சாங்கைப் பக்கம்."

"இல்லடி. சோத்துக்கைப் பக்கந்தான்."

போட்டோவைக் காட்டினேன். போர்டைக் காட்டினேன். சிநேகிதி சொன்னதைச் சொன்னேன். வீடியோவில் பார்த்ததைச் சொன்னேன். வக்கீல் தோற்றுப்போகிற அளவுக்கு ஒவ்வொன்றாக அடுக்கினேன். அம்மா போனை வாங்கி விரலால் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது பீச்சாங்கைப் பக்கமா?"

"ஆமா."

அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்பைச் சின்னதாக்கினாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் அம்மா பீரோவைத் திறந்து பழைய படங்களையெல்லாம் எடுத்துப் பாயில் பரப்பியிருந்தாள். கல்யாண ஆல்பம் உதவாது, அது தழும்புக்கு முந்தியது. என் காதுகுத்தில் எடுத்த படத்தில் அப்பா நெற்றி முழுக்கச் சந்தனம். ஆதார் ஜெராக்ஸில் அப்பா இருக்க வேண்டிய இடத்தில் கரி அப்பியிருந்தது. மிச்சமெல்லாம் சித்தப்பா கடையில் எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படங்கள். அதில் அப்பாவுக்கு ஒரு சுருக்கம், ஒரு மரு, ஒரு தழும்பு கிடையாது. ஊரில் யாருக்குமே இல்லாத நிறத்தில் இருந்தார். சித்தப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டோம்.

"எல்லாத்தையும் க்ளீன் பண்ணித்தான் அண்ணி குடுப்போம். இல்லன்னா யாரு வாங்குவா?"

"சரி தம்பி, ஒங்களுக்காவது ஞாபகம் இருக்கா? அண்ணனுக்கு எந்தப் பக்கம்?"

சித்தப்பா யோசித்தார். கையை ஒரு புருவத்துக்குக் கொண்டுபோனார், பிறகு மற்றதுக்கு. "அண்ணன் மொகத்தை நான் எங்க அண்ணி நேரா பாத்தேன். அவரு வந்து நின்னா நான் தலையைக் குனிஞ்சுக்குவேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்கா இவ்வளவு பாடு? வெள்ளிக்கிழமை அப்பாகிட்டயே கேட்டுருவோம்" என்றேன்.

அம்மா என் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். அவள் அப்படிப் பிடுங்கி நான் பார்த்ததில்லை.

"கேட்டுராத. அடிச்சவ நானு. எந்தப் பக்கம் அடிச்சேன்னு அவரையே கேக்கச் சொல்றியா? மூணு வருசம் பாக்கல, பொண்டாட்டிக்கே நம்ம மொகம் மறந்துபோச்சுன்னு அந்த மனுசன் நெனைக்க மாட்டாரு? அங்கன தனியா கெடக்குறவருக்கு அதை வேற குடுக்கணுமா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நான் அவளிடம் கேட்டது புருவத்தைப் பற்றிய கேள்வி இல்லை என்று. ஆனால் புரிந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டால் அவள் மறந்ததை நான் உறுதிப்படுத்துகிற மாதிரி ஆகிவிடும். கேட்காமல் இருந்தால் நெஞ்சில் குத்துகிறது. படங்களைக் கவரில் அடுக்கிக் கொடுத்தேன்.

மத்தியானம் என்னைக் கொல்லைக்கு வரச் சொன்னாள். கையில் தொரட்டிக் கம்பு இருந்தது, மேலே அரிவாள் கட்டவில்லை. அந்த முருங்கை மரம் இப்போது இல்லை. புயலில் விழுந்துவிட்டது. அந்த இடத்தில் வாழை நிற்கிறது.

"இங்கிட்டு நில்லு" என்றாள். நின்றேன். "இல்ல, அங்கிட்டு. ரெண்டு எட்டுத் தள்ளி. மேல பாரு, அவரு மேல பாத்துக்கிட்டு நின்னாரு."

கம்பைத் தூக்கி, இல்லாத கிளையில் மாட்டி, ஒரு சுண்டு சுண்டி இழுத்தாள். கம்பு என் வலது புருவத்துக்கு நேராக வந்து நின்றது. அவள் முகம் தெளிந்தது. "பாத்தியா?" என்றாள். அடுத்த நிமிடமே, "கெணறு எனக்கு முதுகுப் பக்கம்ல இருந்துச்சு" என்று தானே சொல்லி, சுற்றிப் போய் அந்தப் பக்கம் நின்று மறுபடி இழுத்தாள். கம்பு இடது பக்கம் வந்தது. மூன்றாம் தடவை அவள் இடம் மாறியபோது நான் எங்கே நிற்க வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் எங்களையும் வானத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

அம்மா கம்பைக் கீழே போட்டுவிட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

"அவரு மொகத்தைப் பாத்ததை விட இந்தப் போனைத்தான்டி ஜாஸ்தி பாத்துருக்கேன். விடு. போட்டோ பொய் சொல்லுமா? நாந்தான் மறந்துட்டேன். நீ பீச்சாங்கைப் பக்கமே வெட்டு."

வெட்டாமலே விட்டிருக்கலாம். தழும்பு இல்லாமலும் ஒரு முகத்தைப் போடலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அன்றைக்கு எனக்கு அது தோன்றவே இல்லை. சரி எது என்று தெரிந்த பிறகு ஏன் விட வேண்டும் என்றுதான் தோன்றியது. ஏற்கெனவே திரும்பியிருக்கிற போட்டோவை அப்படியே வெட்டினால் தாளில் நேராக விழும், இரண்டு திருப்பமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டுவிடும். இதை நோட்டில் எழுதி, கோடு போட்டு, இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, இடது புருவத்தில் விழுகிற மாதிரி ஒரு கீறல் போட்டேன். ஒரே இழுப்பு, தயக்கமே இல்லை. இப்போது நினைத்தால் அதுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

நீல மையில் அப்பா நன்றாகவே வந்தார். அம்மா பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்றாள். விருந்தாளி வீட்டுச் சாப்பாட்டைச் சொல்கிற மாதிரி சொன்னாள். அதற்குப் பிறகு அவள் தன்னையே சோதித்துக்கொள்ள ஆரம்பித்தாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருப்பாள், திடீரென்று, "ஒங்கப்பாவுக்குக் கால்ல ஆணி இருந்துச்சே, எந்தக் காலு?" என்பாள். எனக்கு எப்படித் தெரியும். "பேசும்போது முன்னாடி கண்ணைச் சிமிட்டுவாரா, பேசி முடிச்சுட்டா?" என்பாள். பதில் தெரியாதபோது அவள் முகத்தில் பயம் தெரியும். வெள்ளிக்கிழமை போன் வந்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அடுப்பில் பால் இருக்கு என்று என்னிடம் கொடுத்துவிடுவாள். அடுப்பில் பால் இருக்காது.

"அம்மாவுக்கு என்னாச்சு பாப்பா? எம்மேல எதுவும் கோவமா?" என்று அப்பா கேட்டார்.

"இல்லப்பா" என்றேன். வேறு என்ன சொல்வது. நான் செய்த வேலை என்று சொல்ல வேண்டும், ஆனால் என்ன வேலை செய்தேன் என்று எனக்கே தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. உண்மையைக் கண்டுபிடித்தேன், அவ்வளவுதானே என்று ஒரு பக்கம். ஒழுங்காக இருந்த வீட்டைக் குட்டிச்சுவராக்கினேன் என்று ஒரு பக்கம். இரண்டும் சரியாகத்தான் பட்டது.

தேர்வில் பன்னிரண்டையும் வரிசையாக மாட்டினேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மற்ற பதினொன்றையும் நடந்துகொண்டே பார்த்துவிட்டு அப்பாவின் முன்னால் நின்றார். "இந்த முகத்துக்கு உயிரே இந்த ஒரு கீறல்தான்" என்றார். நல்ல மதிப்பெண் கொடுத்தார். போனில் அம்மாவிடம் சொன்னேன். "அப்படியா" என்றாள். சொல்லியிருக்கவே கூடாது என்று அப்புறம் தோன்றியது.

அப்பா வந்த அன்று திருச்சி ஏர்போர்ட்டுக்குச் சித்தப்பாதான் காரில் போனார். காலை எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டார்கள். அப்பா மெலிந்திருந்தார். தொப்பியோடு இறங்கினார். நான் ஓடிப் போய்ப் பையை வாங்கினேன். அம்மா நிலைப்படியில் நின்று, "வாங்க" என்றாள், நிமிரவே இல்லை. தண்ணீர் கொடுக்கும்போதும் சொம்பைப் பார்த்துத்தான் கொடுத்தாள். நிமிர்ந்தால் தன் தப்பு அவர் முகத்திலேயே எழுதியிருக்கும் என்று பயந்தாள் போல. அப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் குளிக்கப் போனார்.

குளித்துவிட்டு, ஈரத் தலையோடு, தொப்பி இல்லாமல் வந்து சாப்பிட உட்கார்ந்தார். நான் எதிரில் இருந்தேன். ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. அம்மா இட்லி வைத்துவிட்டு, சாம்பார் ஊற்றக் குனிந்தவள், குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

நானும் பார்த்தேன். வலது புருவத்தின் நடுவே ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு இருந்தது. கிட்டத்தில் இருந்தால்தான் தெரியும், அவ்வளவு பழையது. இடது புருவத்தில் இன்னொன்று இருந்தது. அது தடித்து, கறுத்து, புருவத்தைத் தாண்டி நெற்றிக்குள் ஏறியிருந்தது. தையல் போட்ட புள்ளிகள்கூடத் தெரிந்தன.

அம்மா சாம்பார்ச் சட்டியைக் கீழே வைத்தாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு விரலை அவருடைய வலது புருவத்தில் வைத்தாள்.

"இது நான் அடிச்சது."

பிறகு அந்த விரலை இடது பக்கம் கொண்டுபோனாள்.

"இது யாரு அடிச்சது?"

அப்பா இட்லியைப் பிட்டுக்கொண்டே, "அது ஒன்னுமில்ல, ஒரு பைப்பு தட்டிருச்சு" என்றார். அம்மாவின் விரல் அங்கேயே இருந்ததால் அவரே மேலே சொன்னார். "போன வருசம். போன் ரிப்பேருன்னு பத்து நாள் பேசலல்ல, அப்ப. லேசாத்தான். சொன்னா நீ பயந்துக்குவ."

அம்மா சொன்னது சரி. போட்டோ காட்டியதும் சரி. தன் ஞாபகம் பிசகவில்லை என்று தெரிந்து அவள் நிம்மதியாவாள் என்று பார்த்தேன். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, அது நிம்மதியா கோபமா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அங்கே தனியாக அடிபட்டுக் கிடந்தவரை ஒரு மாதமாக நான் புருவமாக மட்டும் பார்த்திருக்கிறேன். அப்பா என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். நான் சிரிக்கவில்லை.

அம்மா கண்ணைத் துடைத்தாள்.

"சட்டையைக் கழட்டுங்க."

"சாப்புட்டுக்கிட்டு இருக்கேன்ல..."

"கழட்டுங்க. வேற எங்கெங்க இருக்குன்னு நான் பாக்கணும்."

அப்பா மறுப்பார், வேறு ஒன்றுமே இல்லை என்பார் என்று காத்திருந்தேன். அவர் தட்டை நகர்த்தி வைத்தார். பிறகு இடது கையால் மேல் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.